முதல் வரியோடு நின்ற பாட்டு

உட்காருங்கள், அம்மா. அந்த நாற்காலி வேண்டாம்; அது கோதண்டபாணியுடையது, ஒரு கால் ஆடும். இதில் அமருங்கள். இது உங்கள் அண்ணன் செலஸ்டின் அமர்கின்ற நாற்காலி. அமர்ந்த நாற்காலி என்று சொல்ல வேண்டும். மூன்று மாதங்கள் ஆகிவிட்டன.

ஆட்டோ வாசலில் நிற்கிறது. தெரிகிறது. டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன். அது உங்கள் வீட்டுப் பொருள். வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அதோ, மேசையின் மேல் துண்டு போர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் போட்ட கேசட்டும் உள்ளேயே இருக்கிறது. நான் தொடவில்லை. நாளை உங்கள் தந்தையாரின் நினைவு நாள் என்றும், பூசை முடிந்து எல்லோருமாக அதைக் கேட்கப்போகிறீர்கள் என்றும் அவர் உங்களிடம் கொடுத்தனுப்பிய சீட்டில் எழுதியிருக்கிறார். படித்தேன். மூன்று வரிகள், இரண்டு பிழைகள். திருத்தி வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் அண்ணனும் அப்படித்தான், வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

பத்து நிமிடம் போதும். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் வேண்டுகோளை மட்டும் வைப்பது முறையன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்னதாகத் தோன்றும்.

மேலரத வீதியில் மெஹருன்னிசா என்றோர் அம்மையார் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒருநாள் போயிருந்தேன். கடைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுகூட இல்லை, எந்தக் காலத்திலோ வானொலியில் வந்த பற்பொடி விளம்பரம். பாடுகின்ற பெண் பாதியில் சிரித்துவிடுகிறாள். அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அந்தச் சிரிப்போடேயே பற்பொடியின் பெயரைச் சொல்லி முடிக்கிறாள். அதை யாரும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். மாத்திரையை வாங்கிய பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரய்யா, இன்னொரு தடவ போடவா?" என்றார் அந்த அம்மையார்.

"போடுங்கள்" என்றேன்.

எங்கள் கூட்டம் தொடங்கியது அங்கேதான். ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைதோறும், மாலை நான்கு மணி. நான்கே பேர். யாருக்கும் தெரியாத பாட்டு, எடுபடாமல் போன பாட்டு, கேட்டால் சிரிப்பு வருகின்ற பாட்டு, இப்படி ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். கடையில் இடம் போதவில்லை. என் வீட்டில் நான் ஒருவன்தானே, இங்கேயே வாருங்கள் என்றேன். வந்தார்கள்.

கோதண்டபாணி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிவராத திரைப்படங்களின் பாடல்களாகப் பார்த்துச் சேர்ப்பார். படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பாட்டு மட்டும் எப்படியோ இவர் கைக்கு வந்துவிடும். ஒரு பேருந்து நடத்துநர் பயணிகளுக்குச் சீட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே தெரிகின்ற கொக்குகளை எண்ணிக்கொண்டு போகிற பாட்டு ஒன்று வைத்திருக்கிறார். மெஹருன்னிசாவுக்குப் பாட்டில் ஏதாவது தவறிப்போயிருக்க வேண்டும். பாடகர் தும்மியிருக்க வேண்டும், அல்லது பக்திப் பாடலுக்கு நடுவில் சேவல் கூவியிருக்க வேண்டும். "அந்தச் சேவலுக்காகத்தான்யா இந்தப் பாட்டையே கேக்கேன்" என்பார். உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். ஆறு மாதம் வரை அவர் எதையும் கொண்டுவரவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். கேசட்டுப் பாட்டுகளுக்கு உதவும் என்று தம் டேப் ரிக்கார்டரை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்தார்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. முதன்முறையாகக் கேட்கின்ற பாட்டைத் தனியாகக் கேட்கக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். மெஹருன்னிசா வைத்த விதி அது. "தனியாக் கேட்டா, நல்லாருக்குன்னு யாருகிட்டச் சொல்லுதது?" என்றார். எழுதப்பட்ட விதியன்று, ஆயினும் விதி விதியே. மற்றவர்கள் அதைக் கடைப்பிடித்தார்களோ என்னவோ, நான் இன்று வரைக்கும் மீறியதில்லை.

ஒரு குறிப்பேடும் உண்டு. அதனை ஏற்படுத்தியவன் நான். பாட்டு முடிந்தவுடன் ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அவர்கள் போன பிறகு நான் அமர்ந்து படிப்பேன். எழுதியது எதுவாக இருந்தாலும் பிழையோடு நிற்கலாமா? சிவப்பு மையால் திருத்துவேன். பக்கத்தில் மதிப்பெண்ணும் இடுவேன். ஊக்கமாக இருக்கும் அல்லவா? கோதண்டபாணி பத்துக்கு ஆறரைக்கு மேல் ஒருநாளும் வாங்கியதில்லை.

"என்ன சார்வாள், எனக்கு அறுவத்தாறு வயசாவுது. எனக்குப் போயி மார்க்கு போடுதீய!" என்றார் ஒருநாள்.

"வயதுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அளவுக்கு அன்னியோன்னியமாக இருந்தோம். அதற்கு அடுத்த கூட்டத்தில் கோதண்டபாணி ஒரு வரியும் எழுதவில்லை, கண்ணாடியை மறந்து வந்துவிட்டாராம். அதற்கும் அடுத்த கூட்டத்தில் மெஹருன்னிசா "நல்லாருக்கு" என்று ஒரே ஒரு சொல் எழுதினார். வேலைப்பளு.

ஆட்டோக்காரர் ஒலி எழுப்புகிறார். நீங்கள் எழ வேண்டாம். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். தேநீர்க் கடைக்குப் போய்வருகிறாராம். நல்ல மனிதர்.

இப்பொழுது என் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு பாட்டு இருந்தது. கூட்டத்தில் நான் சேர்ந்ததே அதைக் கண்டுபிடிக்கத்தான். என் மனைவி கோமதிக்குப் புளியங்குடி. திருமணமான புதிதில் அடுப்படியில் வேலை செய்துகொண்டே ஒரு பாட்டைப் பாடுவாள். அம்மன் கோவில் கொடை விழாவில் ஏதோ நாடகத்தில் கேட்டதாம். நான் இந்தக் கூடத்தில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். அவளுக்கு நல்ல குரல். ஆனால் வரி பொருளற்றதாக இருந்தது. முற்றிலும் பொருளற்றது. கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளை அழைத்து, அந்த வரியைப் பொருள்படும்படியாக மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "மழை பொழியும் வேளையிலே குடை விரித்தேன்." ஓசையும் கெடவில்லை பாருங்கள். இனிமேல் இப்படிப் பாடு என்றேன்.

தாளை வாங்கிப் படித்தாள். "நல்லாருக்கு" என்றாள். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். மனப்பாடம் செய்துகொண்டு பாடுவாள் என்று நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடியதில்லை. வேறு பாட்டும் பாடியதில்லை. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டால் பெண்களுக்குப் பாட்டிலெல்லாம் நாட்டம் குறைந்துபோகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்பொழுது அவள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் இன்மொழியின் பிரசவத்திற்காகப் போனவள். குழந்தை நடக்கட்டும் என்றாள், நடந்தது. பள்ளியில் சேரட்டும் என்றாள், சேர்ந்தது. இப்பொழுது பேத்தி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வந்துவிடுவாள். கோமதியைச் சொல்கிறேன். புறப்பட்டபோது எனக்காக ஒரு தாளில் எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள். அரிசிக்கு எத்தனை தண்ணீர், எரிவாயு உருளை தீர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. அதிலும் பிழைகள் இருந்தன. அது கிடக்கட்டும்.

அவள் போன பின்பு அஞ்சறைப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். அடியில் என் தாள் அப்படியே இருந்தது. மஞ்சள் கறை மட்டும் ஏறியிருந்தது. அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டு முழுவதையும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள். இந்த வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். எனக்குப் பாட வராது, படிக்கத்தான் வரும். கோதண்டபாணிக்குத் தெரியாத பாட்டே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இப்பிடி ஒரு பாட்டே கெடையாது சார்வாள். பாட்டு மாதிரியே இல்லையே, பாடப் புஸ்தவம் மாதிரில்லா இருக்கு" என்றார். மெஹருன்னிசா, "வீட்டம்மா என்ன வார்த்தையில பாடுவாங்க? அதச் சொல்லுங்கய்யா, தேடிப் பாப்போம்" என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. நான் திருத்திய வரிதான் என் நினைவில் இருக்கிறது. அவள் பாடிய வரி இல்லை. எப்படி எப்படியோ யோசித்துப் பார்த்தேன். திருத்தியது மட்டுமே வந்துகொண்டிருந்தது.

இனி, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான் என்று தெரியும். உங்கள் அண்ணன் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

அன்று நல்ல சாரல். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிய முதல் வாரம். உங்கள் அண்ணன் சட்டைப் பைக்குள் ஒரு கேசட்டைப் பாலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு வந்தார். "இன்னைக்கு நான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன் சார்" என்றார். முகம் சிவந்திருந்தது. கோதண்டபாணி கைதட்டினார். "ஏ, ஆறு மாசத்துக்கு அப்புறம் வாயத் தொறந்துட்டாருப்பா! போடுங்க, போடுங்க!"

பொத்தானை அழுத்தினார். முதலில் ஆர்மோனியம். பிறகு யாரோ இருமுகிறார்கள். மெஹருன்னிசா உடனே, "இருமல்! எனக்குப் பிடிச்சிருக்கு!" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பிறகு ஓர் ஆண் குரல் எடுத்தது: "மழை நனைஞ்சு போகுமேன்னு குடை பிடிச்சேன்..."

நான் நிறுத்திவிட்டேன். எழுந்துபோய், இதோ இந்த விரலால், நிறுத்திவிட்டேன்.

"மழை எப்படி நனையும்?" என்று கேட்டேன். "நனைக்கின்ற பொருள் நனையுமா? இதை ஒருவர் எழுதி, ஒருவர் பாடி, நாம் வேறு கூடி உட்கார்ந்து கேட்பதா?"

கோதண்டபாணி, "சார்வாள், இந்த மாதிரிக் கூத்தக் கேக்கத்தானே இங்க கூடுதோம்" என்றார். மெஹருன்னிசா, "அடுத்த வரியக் கேப்போம் ஐயா, போடச் சொல்லுங்க" என்றார். நான் விடவில்லை. வேடிக்கையான பாட்டுக்கும் பொருளற்ற பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். இருபது நிமிடம் இருக்கும். அரிய விளக்கம், நான் பணியில் இருந்த காலத்தில்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. முடித்துவிட்டுப் பார்க்கும்போது உங்கள் அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அது எங்க அப்பா பாடுனது சார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நாடகத்துல. பாட்டும் அவரே கட்டுனதுதான்."

"யார் பாடினாலும் பிழை பிழைதான்" என்றேன்.

ஆமாம், அம்மா. சொன்னேன். நீங்கள் தரையைப் பார்க்கிறீர்கள். அன்று மெஹருன்னிசாவும் அப்படித்தான் தரையைப் பார்த்தார்.

செலஸ்டின் அந்தச் சாரலிலேயே இறங்கிப் போனார். டேப் ரிக்கார்டர் இங்கேதானே இருக்கிறது, அடுத்த கூட்டத்திற்கு வருவார் என்று இருந்தேன். நான்கு நாற்காலிகளையும் போட்டு வைத்தேன். யாரும் வரவில்லை. கோதண்டபாணிக்கு மூட்டுவலி என்றார்கள். மெஹருன்னிசா உறவினர் வீட்டுத் திருமணம் என்றார். அதற்கடுத்த ஞாயிறு மேலரத வீதி வழியாகத் தற்செயலாகப் போனேன். மருந்துக்கடையின் மாடிப்படியில் மூன்று சோடிச் செருப்புகள் கிடந்தன. மருந்து வாங்க வந்தவர்களுடையதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்பது மட்டும்தான் இடிக்கிறது. மேலேயிருந்து சேவல் கூவுவது கேட்டது. சிரிப்பும் கேட்டது. எதிர்ப்புறம் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அழைக்காத இடத்துக்குப் போவது என் வழக்கமன்று.

இந்த டேப் ரிக்கார்டர் இங்கேயே இருந்தது. அந்தக் கேசட் முதல் வரியோடு நின்றபடி உள்ளே இருந்தது. எனக்கும் அதற்கும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூருக்குப் பேசுவேன். கோமதி பெரும்பாலும் வேலையாக இருப்பாள். மகள் பேசுவாள், பிறகு பேத்தி மகிழினி பேசுவாள். போன வாரம் அந்தக் குழந்தை, "தாத்தா, ஒரு பாட்டுப் பாடவா?" என்றாள். பாடு என்றேன்.

"மழை நனைஞ்சு போகுமேன்னு குடை பிடிச்சேன், மல்லாக்கப் படுத்த ஆத்தப் பொரட்டிப் போட்டேன்..."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், அம்மா. "யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஆச்சிதான். பாத்திரம் கழுவறப்ப எப்பவும் பாடுவாங்களே!" என்றாள்.

எப்பவும் பாடுவாளாம். இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூடப் பாடவில்லை. சிறுவாணித் தண்ணீர் தொண்டைக்கு நல்லது என்பார்கள்; அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் தந்தையார் பெயர் மரியசவரி என்று சீட்டில் கண்டேன். புளியங்குடிக் கொடை விழாவுக்கு அவருடைய குழு வந்திருக்கும் அல்லவா? வந்திருக்கிறதா? ஆண்டுதோறுமா? அப்படியானால் சந்தேகமில்லை. நான் தேடிய பாட்டு என் வீட்டிலேயே, என் மேசையிலேயே, மூன்று மாதமாகக் கிடந்திருக்கிறது.

அதைப் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிக் கேட்பேன்? நான் ஒருவன்தான் இருந்தேன். எதிர் வீட்டுக்காரரை அழைத்தேன். தொலைக்காட்சியில் தொடர் ஓடுகிறது, பிறகு வருகிறேன் என்றார். பால்காரர் வண்டியை விட்டே இறங்கவில்லை. கூட்டத்தார் மூவருக்கும் அஞ்சலட்டை எழுதினேன், இந்த ஞாயிறு நான்கு மணிக்கு வாருங்கள் என்று. செலஸ்டினுக்கு எழுதியதில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. "தங்கள் தந்தையாரின் பாடலை முழுவதும் கேட்க விழைகிறேன்." அதற்கு அவர் அனுப்பிய விடைதான் நீங்கள் கொண்டுவந்த இந்தச் சீட்டு. டேப் ரிக்கார்டரைக் கொடுத்தனுப்பவும் என்று. நான் எழுதியதைப் பற்றி ஒன்றும் இல்லை.

மணி நாலே முக்கால். இனி அவர்கள் வரமாட்டார்கள்.

என் வேண்டுகோள் இதுதான், அம்மா. நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் இந்தப் பாட்டைக் கேட்பதற்கு வேறு வழியே இல்லை. அவ்வளவு நீளமான பாட்டாக இருக்காது. இன்னும் ஒரு நான்கு நிமிடம் அமர்ந்திருப்பீர்களா? உங்களுக்கு இது பழைய பாட்டுத்தான். ஆயினும் இரண்டாவது ஆள் என்று கணக்கில் கொள்ளலாம். விதியில் அதற்குத் தடையில்லை.

நன்றி. மிக்க நன்றி.

இந்தச் சிவப்புப் பேனாவை நீங்கள் வைத்திருங்கள். இல்லை, எழுத வேண்டாம். சும்மா கையில் வைத்திருங்கள். குறிப்பேட்டையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

துண்டை எடுக்கிறேன். தூசி இல்லை, பார்த்தீர்களா? முதலிலிருந்து போட வேண்டும். இருமலிலிருந்து. மெஹருன்னிசாவுக்கு அந்த இருமல் பிடித்திருந்தது. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டத் தெரியுமா உங்களுக்கு? அதுதான், இடது பக்கம் இருப்பது. சரி. நின்றுவிட்டது.

ஒரு நிமிடம் பொறுங்கள். ஆறு மணி ஆகவில்லை. ஆனாலும் பரவாயில்லை, கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது.

இன்மொழி, அப்பா பேசுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மா எங்கே? கூப்பிடு. வேலையாக இருக்கிறாளா? அப்புறம் பேசுகிறாளாமா? சரி. சரியம்மா. வற்புறுத்த வேண்டாம். அவள் பேச வேண்டியதில்லை. நீ ஒன்று செய். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்படியில் வைத்துவிடு. கேள், சொல்வதைக் கேள். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அலமாரியிலோ மேடையிலோ வைத்துவிட்டு நீ போய்விடு. அவள் அவள் வேலையைப் பார்க்கட்டும்.

வைத்துவிட்டாள். என் கைப்பேசியையும் ஒலிபெருக்கியில் போட்டு டேப் ரிக்கார்டர் பக்கத்தில் வைக்கிறேன்; கேட்கிறதா உங்களுக்கு? குழாயில் தண்ணீர் விழுகிறது. பாத்திரம்.

அம்மா, அன்று நிறுத்தியது இந்தக் கை. நீங்கள் அழுத்துங்கள். நான் பேசவில்லை.